இரண்டாம் நம்பர் முகம்

எங்கள் மாமா எந்த இடத்திலும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார மாட்டார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் எப்போதும். சாப்பிடும்போதே எழுந்து போய் ஜன்னல் திரையைச் சரிசெய்வார். எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருப்பார், இவர் அவருடைய நெற்றி எண்ணெய் வழிவதையும் இடது கண் சின்னதாக இருப்பதையும் கவனித்துக்கொண்டிருப்பார். ஒரு முகத்தை அது இருக்கிறபடி விட்டுவிட அவருக்கு வராது. பக்கத்தில் இருந்தாலே நமக்கும் படபடப்பு ஒட்டிக்கொள்ளும்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் போட்டோ ஸ்டுடியோ அவருடையது. ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. 'டச்சப்' என்றால்தான் தெரியும். அவருடைய கொழுந்தியாளான நான் முப்பது வருடமாக அந்தக் கடையின் கவுண்டரில் நிற்கிறேன். அதனால் இதில் நான் சொல்லப்போகும் பாவங்களில் எனக்கும் பங்கு உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

எங்கள் ஊரில் நாலு மொழிக்காரர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸில் ஒன்றாகத் தொங்குவோம், ஒரே ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்போம், வீட்டுக்குப் போனதும் மற்ற மூன்று பேரைப் பற்றியும் பேசுவோம். அடையாள அட்டைக்கு, வேலைக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று எல்லோருக்கும் படம் வேண்டும். எல்லோரும் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். மாமாவின் கம்ப்யூட்டரில் நாலு பட்டன்கள் இருந்தன. ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருக்க நேரம் இல்லை என்று அவரே செய்து வைத்துக்கொண்டவை.

ஒன்றாம் நம்பர், மேட்டுக் குடியிருப்பு ஆட்களுக்கு. அவர்கள் ஏற்கெனவே வெளுப்பு. கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏற்றினால் போதும். மூன்றாம் நம்பர், துறைமுகப் பக்கத்து ஆட்களுக்கு. கண்ணைச் சற்றுப் பெரிதாக்கும். நாலாம் நம்பர், கடைசியாக வந்து குடியேறியவர்களுக்கு; தாடையைக் குறைத்து முகத்தைச் சாந்தமாக்கும். "அவங்க மூஞ்சில எப்பவும் ஒரு கோபம் இருக்கும்" என்பது மாமாவின் கண்டுபிடிப்பு. அவர்களில் எத்தனை பேரிடம் அவர் நின்று பேசியிருக்கிறார் என்று கேட்டால் விரல் மடக்க ஒரு கைகூடத் தேவைப்படாது.

இரண்டாம் நம்பர் எங்களுக்கு. இரண்டு படி வெளுப்பு, மூக்கோரத்து நிழல் நீக்கம், மச்சம், தழும்பு எல்லாம் துடைத்தெடுப்பு.

ஆள் வாசலில் செருப்பைத் தட்டும்போதே நான் உள்ளே பார்த்து "ரெண்டு!" என்றோ "நாலு!" என்றோ குரல் கொடுத்துவிடுவேன். வந்தவர்கள் அதை டோக்கன் நம்பர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"எனக்கு முன்னாடி போன தம்பிக்கும் ரெண்டுன்னீங்க, எனக்கும் ரெண்டுங்கிறீங்க. ஒரே நம்பரை எத்தனை பேருக்குக் குடுப்பீங்க?"

"அவரு காலைல ரெண்டு, நீங்க மத்தியானம் ரெண்டுங்க" என்றேன். அவரும் ஒத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாய் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

புகார் என்று ஒருவர்கூட வந்ததில்லை. அதுதான் விஷயம். படத்தைக் கையில் வாங்கியதும் எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு வரும். ஒரு நாலாம் நம்பர்க்காரர் மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நான் இல்லைங்க, என் மச்சான் மாதிரி இருக்கு" என்றார். சொல்லிவிட்டு இன்னும் பத்துப் பிரதி கேட்டு வாங்கிப் போனார்.

மாமாவுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பதினாறு வயதில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். பிலிம் கழுவுகிற இருட்டறையில் போட்டார்கள். ஒன்பது வருடம் அங்கிருந்து வெளியே விடவில்லை. விளக்குப் போடவும், வந்தவர்களை உட்கார வைத்துப் படம் எடுக்கவும் அவருக்குக் கை பரபரக்கும். ஆனால் முதலாளி, "இருட்டுக்கு இருட்டுதான்டா பொருத்தம், முன்னாடி உன்னை நிறுத்தினா வர்றவன் ஓடிடுவான்" என்று சொல்லிச் சிரிப்பாராம். மாமாவும் கூடச் சிரிப்பாராம். இதை எங்களிடம் நகைச்சுவையாகத்தான் சொல்வார். கேட்டுக்கொண்டிருக்கிற நாங்களும் சிரிப்போம். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணப் பேச்சு நடந்தபோது அவர் அனுப்பிய படம் இருக்கிறதே, அதில் ரோஜாப்பூ மாதிரி இருந்தார். எங்கள் அம்மா அதை அண்டை அயலார் எல்லோரிடமும் காட்டினாள். நேரில் வந்து இறங்கிய அன்று அம்மா வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "டிரைவர் வந்துட்டாரு, மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டாள். அவர் காதில் அது விழுந்தது. காரின் பக்கக் கண்ணாடியில் குனிந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். அக்காவுக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போனதாம், அவளே சொல்லியிருக்கிறாள்.

சொந்தக் கடை போட்ட பிறகாவது முன்னால் வந்து நின்றாரா என்றால், இல்லை. பின்னறையில் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டார், கவுண்டரில் என்னை நிறுத்தினார். நான் அவரைவிடக் கொஞ்சம் நிறம். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பிறகு மகள் பிறந்தாள். மூக்கு, நெற்றி, நிறம், காது மடல் வரை அப்படியே மாமா. தூக்கிப் பார்த்தவர், "என்னையே உரிச்சு வெச்சிருக்கே" என்றார். அந்தக் குரலில் பாதி சந்தோஷம்தான் இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எங்கள் காக்கை தன் குஞ்சுக்குச் சுண்ணாம்பு அடித்தது. முதல் பிறந்தநாள் படத்திலிருந்து எல்லாவற்றுக்கும் இரண்டாம் நம்பர். பத்து வயதானபோது இரண்டை இரண்டு தடவை அழுத்த ஆரம்பித்தார். கூடத்துச் சுவர் முழுக்க ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். கீழே எங்கள் பெண் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் அந்தச் சுவரைக் காட்டி என்னிடம் கேட்டாள்.

"சித்தி, இது யாரு?"

"கண்ணு தெரியலியா? நீதான்டி."

"நான் இல்ல. இது அப்பாவோட பொண்ணு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு யார் கேமராவை எடுத்தாலும் எழுந்து போய்விடுவாள். அட்டைகளுக்குத் தேவைப்படும்போது மட்டும் அப்பா கடையில் வந்து நிற்பாள். எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கவே மாட்டாள். கவரோடு வாங்கி ஒட்டிவிடுவாள்.

படித்து முடித்து அரசு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு வருடம் ஓடியது. நிரந்தரமாக வேண்டும் என்றால் ஒரு தேர்வு எழுத வேண்டும். அது மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். வயது வரம்பு முப்பது. அவளுக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான், தற்காலிகத்தையும் அடுத்த வருடத்தோடு நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். எட்டு மாதம் அந்தப் பெண் படித்த படிப்பு எனக்குத் தெரியும்.

தேர்வன்று காலையில் மாமாவும் நானும் கூடவே போனோம். எட்டரைக்கு வாசலில் வரிசை நின்றது. கதவு ஒன்பதரைக்கு மூடும். இந்த முறை புதிதாக ஒரு மிஷின் வைத்திருந்தார்கள். அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு அதன் கேமரா முன் நிற்க வேண்டும். முகமும் படமும் ஒத்துப்போனால் பச்சை விளக்கு. மாமா நடைபாதையில் மேலும் கீழும் நடந்தபடி, "அந்த லைட்டு தப்பா வெச்சிருக்கான், மூஞ்சில நிழல் விழுது" என்று முனகினார்.

எங்கள் பெண் நின்றாள். சிவப்பு விளக்கு. தள்ளி நின்று மறுபடி நின்றாள். மறுபடி சிவப்பு.

மேற்பார்வையாளர் அம்மாள் எழுந்து வந்தார். சீட்டைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"இது நீயா?"

"ஆமா மேடம்."

"வேற அட்டை இருந்தா எடு."

ஆஸ்பத்திரி அட்டையையும் குடிமக்கள் அட்டையையும் எடுத்துக் கொடுத்தாள். அம்மாள் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றும் எங்கள் கடைப் படம். ஒன்று பள்ளி முடித்தபோது எடுத்தது, ஒன்று வேலைக்குச் சேர்ந்தபோது, ஒன்று போன மாதம். வருடம் போகப் போக மாமா வெளுப்பைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார். மூன்று அட்டையில் மூன்று பெண்கள் இருந்தார்கள். மூன்று பேரும் அவள் இல்லை. அனுமதிச் சீட்டின் விவரத்தில் 'அடையாளம்: இடது கன்னத்தில் மச்சம்' என்று எழுதியிருந்தது. எந்தப் படத்திலும் மச்சம் இல்லை.

"போன தடவையும் உங்க ஆளுங்கள்ல மூணு பேரு ஆள் மாத்தி எழுத வந்து மாட்டினாங்க" என்றார் அம்மாள். "உங்களுக்கு இதே பொழப்பு."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "உங்க ஆளுங்கன்னா யாரு மேடம்? அந்த மூணு பேரு செஞ்சதுக்கு எங்க பொண்ணு என்ன பண்ணுவா? ஒரு பார்வையில எங்களை எல்லாம் ஒரே மூட்டையில கட்டிட்டீங்களே!" என்று கத்தினேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கத்திக்கொண்டே இருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்த நொடியே என் மனசு "மூணு" என்று சொல்லியிருந்தது. துறைமுகப் பக்கம், கண் பெரிதாக்க வேண்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மா இல்லை. குரல் தானாக இறங்கிவிட்டது.

"படத்துல என்ன செஞ்சிருக்கு? யாரு எடுத்தது?" என்றார் அம்மாள்.

"லைட்டிங் கோளாறு மேடம். கேமரா பழசு" என்றார் மாமா.

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். அடையாளப் படங்களில் கை வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வெளியே தெரிந்தால் அட்டைப் படம் எடுக்கும் அனுமதி போய்விடும், கடையே அதில்தான் ஓடுகிறது. இரண்டு பேரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றோம்.

"அப்படின்னா இவ முகம் சரியா தெரியற மாதிரி முன்னாடி எடுத்த வேற ஒரு போட்டோ கொண்டு வாங்க. போன்ல இருந்தாலும் சரி. ஒன்பதரைக்கு மேல கடவுளே வந்தாலும் கதவு திறக்காது."

மகள் சுவரோரமாகப் போய் நின்றாள். நாங்கள் ஸ்கூட்டரில் பறந்தோம். கடைக்குப் போன ஐந்து நிமிடத்தில் மாமா இரண்டு சிக்னலை மதிக்கவில்லை.

கடைக் கம்ப்யூட்டரில் அவளுடைய கோப்பைத் திறந்தார். எல்லாம் திருத்திய படங்கள். திருத்தாத படத்தை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, சனிக்கிழமைதோறும் அழித்துவிடுவோம். "பழசைப் பார்த்தா வர்றவங்களுக்கு மனசு கெட்டுப்போகும்" என்பது அவர் போட்ட விதி. போன மாதம் எடுத்ததும் போயிருந்தது. நான் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் ஆல்பங்களை இறக்கித் தரையில் கொட்டிப் புரட்டுவது கேட்டது.

"எல்லாத்துலயும் வெள்ளையா இருக்காளேடி!"

"உன் போன்ல பாருக்கா."

"அதுலயும் இவரு ஏதோ ஏத்தி வெச்சிருக்காரு, எடுக்கும்போதே பளபளன்னு ஆயிடுது. பள்ளிக்கூட குரூப் போட்டோ?"

"அதுவும் நம்ம கடைதான்."

ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். உடனே மூன்று படம் அனுப்பினாள். ஐந்து பேர் நின்று சிரிக்கிறார்கள். எங்கள் பெண் மூன்றிலும் பின்னால் இருந்தாள். ஒன்றில் அரை நெற்றி தெரிந்தது. ஒன்றில் யாரோ ஒருத்தியின் தோள்மேல் வைத்த அவள் கை மட்டும். அந்தக் கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமாவின் கைதான் அது, அதே விரல்கள், அதே நிறம். போனை அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். பிறகு, படம் எடுக்க வருகிறவர்களுக்குப் போட்டிருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடத்தில் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"ஒண்ணுகூட இல்லியா?" என்றார். "இருபத்தொன்பது வருஷத்துல ஒண்ணுகூடவா நான் விடல?"

"மணி ஒன்பது. எந்திரிங்க மாமா."

"மச்சத்தைக்கூடத் துடைச்சிட்டேனே."

"எந்திரிங்கன்னு சொல்றேன்ல!" எனக்கு அழுகை வந்துவிட்டது; அழுதால் நேரமாகும் என்று அதட்டிவிட்டேன்.

திரும்பி வரும்போது ஒன்பது பத்து. மாமா நேராக மேசைக்குப் போனார். மூச்சு வாங்கியது.

"மேடம், வேற போட்டோ கிடையாது. நான்தான் மாத்தினேன். என் கடை. நானே எடுத்து நானே மாத்தினது. இவ என் பொண்ணு."

அம்மாள் அவரையே பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து வைத்தார். "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? மாத்தினவரே எழுதிக் குடுத்தா, விரல் ரேகையும் எடுத்துட்டு உள்ள விடலாம். மிச்சத்தை ஆபீஸ்ல பின்னாடி விசாரிச்சுக்குவாங்க. உங்க கடைமேல நடவடிக்கை வரும், அதுக்கு நான் பொறுப்பில்ல."

மாமா தலையாட்டினார். பெயர், முகவரி, உறவு எல்லாம் மளமளவென்று எழுதினார். கடைசியில் 'மாற்றம் செய்ததற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'வழக்கம்' என்று எழுதி நீட்டினார்.

"இப்படி எழுதினா ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டாங்க. ஆளை மாத்துறதுக்கா, வேற எதுக்கான்னு தெளிவா இருக்கணும். வழக்கம்னா என்ன, வர்றவங்க எல்லாருக்கும் செய்வீங்களா?"

"செய்வோம். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி."

"எனக்குன்னா என்ன செய்வீங்க?"

மாமா அந்த அம்மாளின் கண்களைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மாள் புரிந்துகொண்டாரோ என்னவோ, தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

மாமா 'வழக்கம்' என்பதை அடித்தார். பேனாவைத் தாளில் வைத்தார், எடுத்தார், வைத்தார். ஒரு பக்கம் கடிகாரம் ஓடுகிறது. வேர்வை சொட்டித் தாளில் விழுந்தது. எந்த முகத்துக்கும் அரை நிமிடத்தில் வழி கண்டுபிடிக்கிற மனிதர், நாலு வார்த்தைக்கு அப்படித் தவித்தார்.

"நான் வேணா எழுதட்டுமா?" என்றேன்.

"அப்பாவே எழுதட்டும் சித்தி" என்றாள் மகள். அவள் குரலில் கோபம் இல்லை. "எழுதுங்கப்பா. ஒன்பது இருபது ஆச்சு."

அவர் எழுதினார். குனிந்து, குழந்தை எழுதுவது போல எழுத்து எழுத்தாக எழுதினார். 'என் மகள் என்னைப் போலவே கறுப்பு. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, அவள் பிறந்ததிலிருந்து எல்லாப் படத்திலும் நானே மாற்றினேன். இவள் என் மகள்தான்.'

கீழே தேர்வு எழுதுகிறவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மகள் தாளை எடுத்தாள். ஒருமுறை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். போடு, போட்டுவிட்டு ஓடு, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம் என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். விரல்களை ஒவ்வொன்றாக மையில் வைத்து ரேகை கொடுத்தாள். மை துடைத்துக்கொண்டே அம்மாளிடம் கேட்டாள்.

"மேடம், இதுல எனக்கு ஒரு காப்பி கிடைக்குமா?"

"எதுக்கும்மா?"

"வீட்ல என்னோட போட்டோ ஒண்ணுகூட இல்ல."

அம்மாள் எழுந்து போய்ப் பிரதி எடுத்து வந்தார். மகள் அதை என் கையில் கொடுத்தாள். "பத்திரம் சித்தி" என்றாள். அப்பாவின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடினாள். அவள் உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் கதவை இழுத்து மூடினார்கள்.

மாமா அந்தத் தாளுக்காகக் கையை நீட்டினார். கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாலாக மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.